இறாலுக்குச் செதிள் இல்லை

போன ஆவணியில் என் பெரிம்மா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தகவல் வந்த மூன்றாம் நாள் பொன்னேரியில் இறங்கி, மார்க்கெட்டில் ஒரு கிலோ பால்சுறா வாங்கிக்கொண்டு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனால் சிரிப்பார்கள். சுறாவை அவித்துத் தோலை உரித்து, நடுமுள்ளை எடுத்துப் பிழிந்து உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் அள்ளிப் போட்டு வதக்கினால் புட்டு. அதைத் தின்றால் பால் ஊறும் என்பது ஐதீகம். ஊறுமா என்று டாக்டரைக் கேட்டால் எந்த மீன் சாப்பிட்டாலும் நல்லதுதான் என்பார். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனால் என்னைப் பெற்றபோது என் அம்மாவுக்கு அதைச் செய்து கொடுத்தது இதே பெரிம்மாதான்.

பையை வாங்கிப் பிரித்தாள். முகம் மாறிவிட்டது.

"இத்த நான் ஆக்க மாட்டேன் கண்ணு. இதுக்குச் செதிள் கிடையாது."

எனக்கு முதலில் புரியவில்லை. ஐம்பது வருஷமாக மீன் கூடை சுமந்தவள். சுறாவுக்குச் செதிள் இல்லை என்பதை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தாளா? அப்புறம் சொன்னாள். பொன்னேரியில் அவள் போகிற ஜெபக்கூட்டத்தில் ஐயா சொல்லியிருக்கிறார். லேவியராகமம் பதினோராம் அதிகாரம். தண்ணீரில் இருப்பவற்றில் சிறகும் செதிளும் உள்ளதைத் தின்னலாம். இல்லாதது அருவருப்பு. அதனால் சுறா கூடாது, திருக்கை கூடாது, கெளுத்தி கூடாது, விலாங்கு கூடாது, கடம்பா கூடாது. நண்டு கூடாது. இறால் கூடவே கூடாது.

பழவேற்காட்டில் உட்கார்ந்துகொண்டு இறால் கூடாது என்பது, தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு நெல் கூடாது என்பது மாதிரி.

இந்தக் கட்டுரை அந்த ஐயாவோடு ஒரு சண்டை. ஆனால் சண்டை போடுவதற்கு முன்னால் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் எந்தப் பெரிய சபையையும் சேர்ந்தவர் இல்லை. ஒரு கடைக்கு மேலே ஹால் வாடகைக்கு எடுத்து சனிக்கிழமை கூட்டம் நடத்துகிறார். முன்பு லாரி ஓட்டியவர். என் பெரியப்பா இருபது வருஷம் குடித்தார். ஊர்க் கட்டளை, மருந்து, சாமிக்கு நேர்ச்சை, மாதா கோயில் மெழுகுவர்த்தி எதுவும் அந்தக் குடியை நிறுத்தவில்லை. இந்த மனிதர் நிறுத்தினார். தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து கரையில் அவரோடு உட்கார்ந்து பேசிப் பேசி நிறுத்தினார். பெரிம்மா அவர் சொல்வதைக் கேட்பதற்கு லேவியராகமம் காரணம் இல்லை. நன்றி காரணம். நன்றியோடு வாதாடி ஜெயிப்பது கஷ்டம். அதனால்தான் அவளிடம் வாதாடாமல் உங்களிடம் வந்திருக்கிறேன்.

நான் விசுவாசி இல்லை. அப்பா வழியில் மகிமை மாதா, அம்மா வழியில் எல்லையம்மன், எனக்கு இரண்டு பேரும் வேண்டாம் என்று இன்ஜினியரிங் காலேஜில் முடிவெடுத்தேன். ஆனால் பைபிள் படித்திருக்கிறேன். அந்த பதினோராம் அதிகாரத்தை கோடு எழுதுகிறவன் கண்ணால் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அவ்வளவு சுத்தமான கண்டிஷன். நிலத்து மிருகம் என்றால் குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். இரண்டும் உண்மையானால்தான் பாஸ். ஒட்டகம் அசை போடும், குளம்பு பிளவில்லை, ஃபெயில். பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கும், அசை போடாது, ஃபெயில். முயல் அசை போடும் என்று அதில் எழுதியிருக்கிறது, உண்மையில் போடாது. வாயை அசைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வௌவால் பறவைகள் பட்டியலில் இருக்கிறது. வெட்டுக்கிளியில் நாலு வகையைத் தின்னலாம் என்று அனுமதி இருக்கிறது. ஐயா இதுவரை ஒரு வெட்டுக்கிளியையும் தின்றதாகத் தகவல் இல்லை.

சுறாவை எடுத்துக்கொள்வோம். உயிரியல்படி சுறாத் தோலில் செதிள் உண்டு, பல் மாதிரி நுண்ணிய செதிள். கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். யூத மரபு அதை ஏற்பதில்லை, தோல் கிழியாமல் சுரண்டி எடுக்க முடிந்தால்தான் அது செதிள் என்கிறது. நல்லது. அவர்கள் இரண்டாயிரம் வருஷமாக உட்கார்ந்து பேசி, எது செதிள், எது செதிள் இல்லை என்று தங்களுக்காக முடிவு செய்துகொண்டார்கள். அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது அவர்கள் சட்டம், அவர்கள் நினைவு, நாடில்லாமல் அலைந்த காலத்திலும் சாப்பாட்டுத் தட்டில் தாங்கள் யாரென்று காப்பாற்றிக்கொண்ட வழி. அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து குப்பத்தில் இறக்குகிறவரோடுதான் எனக்குப் பேச்சு.

இன்னொரு விஷயம். 2021ல் யோனதான் ஆட்லர், ஓம்ரி லெர்னாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய இஸ்ரேல் பகுதியின் அகழாய்வு இடங்களில் கிடைத்த மீன் எலும்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எருசலேம் உட்பட யூதேயா மக்கள் வாழ்ந்த இடங்களில், இரும்புக்காலத்திலும் அதற்குப் பின் பாரசீகர் ஆண்ட காலத்திலும், கெளுத்தி எலும்பு கிடக்கிறது. சுறா, திருக்கை மிச்சங்களும் கிடக்கின்றன. சாதாரணமாகத் தின்றிருக்கிறார்கள். ரோமர் காலத்துக்கு வரும்போதுதான் அது அநேகமாகக் காணாமல் போகிறது. சட்டம் எழுத்தில் இருப்பதற்கும் சட்டியில் இறங்குவதற்கும் நடுவே அவ்வளவு காலம் போயிருக்கிறது. தாவீது ராஜாவின் ஊர்க்காரர்கள் கெளுத்திக் குழம்பு வைத்தார்கள் என்று படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இதையெல்லாம் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். ஆமாம், போனேன். ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்தபிறகு. மரியாதையாகத்தான் உட்கார வைத்து டீ கொடுத்தார். எலும்பு விஷயத்தை அவர் கண்டுகொள்ளவில்லை. "ஜனங்க கீழ்ப்படியலைன்னா சட்டம் தப்பாயிடுமா தம்பி?" என்றார். நியாயமான பதில். ஹெல்மெட் உதாரணம் சொன்னார். பிறகு அவருடைய பெரிய துருப்புச் சீட்டை எடுத்தார்: விஞ்ஞானம். இறால் கடலின் கரப்பான்பூச்சி. நண்டு பிணம் தின்னி. அடியில் கிடக்கிற கழிவைத் தின்று வளர்வது. கர்த்தர் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், டாக்டர்கள் இப்போதுதான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. உடல்நலக் காரணம் சொல்வது புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடீஸே சொன்னார், அவர் வைத்தியர். ஆனால் பழவேற்காட்டு ஏரிக்குள் கால் வைத்தவனிடம் இதைச் சொல்லக்கூடாது. மடவை என்ன தின்கிறது? சேறு. அடிச்சேற்றில் இருக்கிற பாசியையும் மக்கலையும் சேறோடு சேர்த்து உறிஞ்சுகிற மீன் அது. வயிற்றைக் கிழித்தால் மண் வரும், ஆய்கிற எந்தப் பெண்ணையும் கேளுங்கள். அதற்கு அருமையான செதிள் இருக்கிறது. ஐயாவின் கணக்கில் மடவை பரிசுத்தம். அதே சேற்றில், அதே கசடைத் தின்று, ஒரு முழம் தள்ளி மேய்கிற இறால் அருவருப்பு. இது விஞ்ஞானம் என்றால் நான் வாங்கிய டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஏரிக்கும் எண்ணூருக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துகிடப்பதை வடசென்னையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் நின்று பக்கெட்டால் அள்ளினார்கள், ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து கழிமுகத்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது. பாதரசமோ ஈயமோ ஒரு மீனுக்குள் போகும்போது செதிள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போவதில்லை. அசுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் பேசலாம், நிறைய இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் அது ஒருநாளும் பேசப்படவில்லை என்று பெரிம்மாவே சொன்னாள்.

இங்கே நம்ம ஆட்களையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். நம்ம ஆட்கள் என்றால் நான், நீங்கள், ட்விட்டரில் நாத்திகம் பேசிக்கொண்டிருந்த எல்லோரும். அமெரிக்காவில் ஒரு ஜோக் உண்டு. தன்பாலின உறவை எதிர்க்கிற பிரசங்கியிடம் அதே லேவியராகமத்தில் இறாலும் தடைதானே, அப்போ கடவுள் இறாலை வெறுக்கிறாரா என்று கேட்பது. அங்கே அது நல்ல ஜோக், நல்ல அடி. நானும் அதை ஷேர் செய்து லைக் வாங்கியிருக்கிறேன். அந்த ஜோக்கின் அடிப்படையே, இறால் தடையை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான். இங்கே எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டவள் என்னைத் தூக்கி வளர்த்தவள். இப்போது அந்த ஜோக்கை நினைத்தால் வாய் கசக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பெரிம்மா இறால் தின்பதை நிறுத்தியது எனக்குப் பிரச்சனை இல்லை. அவரவர் நாக்கு. எங்கள் ஆபீஸில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரும் இதே அதிகாரத்தின்படிதான் சாப்பிடுகிறார், டீம் லஞ்சில் சத்தமில்லாமல் வஞ்சிரம் ஆர்டர் செய்வார். அதுவரை இதில் ஒன்றுமில்லை. பொன்னேரியில் கூடப் படித்த நண்பன் ஹனஃபி. அவர்கள் வீட்டில் நண்டு நுழையாது. மீன் மட்டும்தான் கடலிலிருந்து ஆகும் என்பது அந்த மத்ஹப். இறால் மீனா இல்லையா என்பதில் அவர்களுடைய அறிஞர்களுக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கான வாதம் இருக்கிறது. பழவேற்காட்டு மரைக்காயர்கள் ஷாஃபி. கடலில் கிடைப்பது எல்லாம் அவர்களுக்கு ஆகும். ஒரே அல்லா, ஒரே குர்ஆன், ஒரே பஸ் ரூட், ஒருவர் வீட்டில் நண்டு ரசம், இன்னொருவர் வீட்டில் இல்லை. இதனால் யாரும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

பெரிம்மா போகாமல் இருந்தாள். தை மாதம் எங்கள் வீட்டில் அப்பாவின் வருஷ நினைவுச் சாப்பாடு. என் அம்மா அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி. பெரிம்மா வந்தாள், கையில் ஒரு டிபன் பாக்ஸ். "உன் சட்டியில நண்டு வெந்திருக்கும்டி, மனசு ஒப்பல" என்று சொல்லிவிட்டு, திண்ணையில் தனியாக உட்கார்ந்து தன்னுடைய சாதத்தைத் தின்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அந்த நண்டுச் சட்டியை இரண்டு முறை தேய்த்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அந்தத் திண்ணைதான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் அந்தக் காட்சி லேவியராகமம் எழுதப்பட்ட வனாந்தரத்துக் காட்சி இல்லை. அது நம்ம ஊர்க் காட்சி. தனித் தட்டு, தனி டம்ளர், வேறு சட்டி, திண்ணையோடு நிறுத்துவது. இந்தச் சட்டம் தமிழில் பேச ஆரம்பித்தபோது எந்த வார்த்தையில் பேசியது என்று பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் அசுத்தம் என்று வரும், அதோடு தீட்டு என்றும் வரும். தீட்டு. எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு எருசலேம் கோயில் சார்ந்த ஒரு பொருள் இருந்திருக்கும். சாயங்காலம் வரை தீட்டு, குளித்தால் போச்சு, கோயிலுக்குள் வரலாம். தமிழில் தீட்டு அப்படியா சாயங்காலத்தோடு போகிறது? சாவுக்குத் தீட்டு, மாதவிலக்குக்குத் தீட்டு, பிள்ளை பெற்றால் தீட்டு, சில மனிதர்கள் பிறந்ததே தீட்டு. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வார்த்தை கிடைத்திருக்காது. ஆனால் அந்தச் சட்டம் நம் காதில் விழும்போது மோசேயின் குரலில் விழுவதில்லை, அக்ரகாரத்துக் குரலில் விழுகிறது.

எங்கள் குப்பத்தில் தீட்டே கிடையாது என்று கதை விடப் போவதில்லை. பாடு முறை என்று ஒன்று இருக்கிறது. ஏரியில் நல்ல இடங்களில் சுத்துவலை கட்டுவதற்கு முறை வைத்து, குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்வது. வெளியிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளர்கள் அதைப் புகழ்ந்து எழுதுவார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் பாடு உரிமை பட்டினவர் ஆண்களுக்கு. இருளர்களுக்குக் கிடையாது. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி ஒவ்வொரு இறாலாகப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடுகிற பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கையும் வேண்டுமே. மாதவிலக்கு நாட்களில் பெண் வலையைத் தாண்டக் கூடாது, படகைத் தொடக்கூடாது என்று எங்கள் வீட்டிலேயே சொல்லுவார்கள். வீட்டுக்குள் ஏற்கெனவே விறகு அடுக்கி வைத்திருந்தோம், ஐயா தீக்குச்சியோடு வந்தார். அவ்வளவுதான்.

இதே அதிகாரங்களைக் கையில் எடுத்த இன்னொரு தமிழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்டவர். வெள்ளைக்கார மிஷனரிகளோடு மோதி, 1857ல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாகவே ஆரம்பித்தார். கால்டுவெல் 1849ல் சாணார்களைப் பற்றி எழுதிய புத்தகம் அந்த மக்களை எவ்வளவு இழிவுபடுத்தியது என்பதை எதிர்த்துப் போராடியவர். அவர் சபையில் ஓய்வுநாள் சனிக்கிழமை. பழைய ஏற்பாட்டு சுத்திகரிப்பு முறைகள், சாம்பிராணி, தரையில் விழுந்து வணங்குவது, எபிரேயப் படிப்பு. அவருடைய வாதம் என்ன தெரியுமா? துரைமார்களே, நீங்கள் கொண்டுவந்தது பைபிள் இல்லை, உங்கள் ஊர் வழக்கம். கிழக்கத்திய மனிதர்களான நாங்கள்தான் அந்தப் புத்தகத்துக்கு உங்களைவிட நெருக்கம். பிற்பாடு, இந்த ஊரில் சனிக்கிழமை ஆராதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் 1908ல் பிரகாசபுரத்துக்கு வந்து தங்கினார்.

சட்டாம்பிள்ளையோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் நிறைய. சுத்திகரிப்பு விதி எங்கே வந்தாலும் அதன் வாடகையைக் கட்டுவது பெண்கள்தான். ஆனாலும் அவர் லேவியராகமத்தை எடுத்து மேலே வீசினார், பங்களாவைப் பார்த்து. ஐயா அதை எடுத்துக் கீழே போடுகிறார், மீன்கூடை மேல். ஒரே கல்தான். யார் மேல் விழுகிறது என்பதைப் பார்க்காமல் நான் கல்லைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது?

டீ குடித்துக்கொண்டே அவரிடம் இன்னொன்று கேட்டேன். "பதினொன்றை எடுக்கிறீங்க. பன்னிரண்டு?" பன்னிரண்டாம் அதிகாரம் பிள்ளை பெற்றவளைப் பற்றியது. ஆண் குழந்தை என்றால் ஏழும் முப்பத்து மூன்றும் நாற்பது நாள். பெண் குழந்தை என்றால் எண்பது. பெண்ணைப் பெற்றால் தீட்டு சரியாக இரண்டு மடங்கு. என் தங்கச்சி பெற்றது பெண். ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதை நான் வற்புறுத்துறதில்ல. ஆனா சில சகோதரிகள் அவங்களாவே விரும்பிக் கைக்கொள்றாங்க" என்றார். விரும்பி என்ற அந்த வார்த்தையை வீடு வந்து சேரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.

அப்படியானால் பத்தொன்பது? அதுவும் அதே புத்தகம்தான். கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது. அறுவடையில் உதிர்ந்ததை ஏழைக்கு விடு என்கிறது. தராசு சரியாக இருக்கட்டும், படிக்கல் சரியாக இருக்கட்டும் என்கிறது. பழவேற்காட்டுக் கரையில் இறால் எடை போடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். கவுண்ட் கணக்கு. கிலோவுக்கு முப்பது நின்றால் ஒரு விலை, ஐம்பது நின்றால் வேறு விலை. ஏஜென்ட் தண்ணிக் கழிவு என்று ஒரு கை குறைப்பார். தலை கறுத்திருக்கிறது என்று இன்னொரு கை. முன்பணம் வாங்கியவள் வாய் திறக்க முடியாது, அடுத்த வாரமும் அவரிடம்தான் போட வேண்டும். பெரிம்மா முப்பது வருஷம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவள். செதிளுக்காக அவளை அழவைத்த புத்தகத்திலேயே அவளுக்காகப் பேசுகிற வசனமும் இருக்கிறது. எட்டு அதிகாரம் தள்ளிப் புரட்டினால் போதும். அந்த ஹாலில் அதை யாரும் புரட்டவில்லை.

இறால் உண்மையில் பாவமாக மாறிய காலம் ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் கரை முழுக்க இறால் பண்ணை வெட்டினார்கள். நெல் வயலுக்குள் உப்புத்தண்ணி ஏறியது, குடிதண்ணீர்க் கிணறு கெட்டது, மருந்து கலந்த தண்ணீர் வெளியே வந்தது. சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்று இருக்கிறது. ஒரு கிழவர் வருஷக்கணக்கில் அலைந்து, இறாலில் எது தூய்மை, எது கேடு என்பதற்கு ஒரு வரையறை வாங்கினார். அதில் செதிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கிணற்றைப் பற்றி இருக்கிறது.

இனி பேதுருவிடம் வருகிறேன். அவர் மீனவர், அதனால் அவர் எங்கள் ஆள். கலிலேயாக் கடலிலும் கெளுத்தி உண்டு. வலையைக் கரையில் இழுத்து, ஆவதைக் கூடையிலும் ஆகாததை வெளியிலும் போட்ட கை அவருடையது. அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தில் அவர் யோப்பா துறைமுகத்தில் ஒரு வீட்டு மாடியில் நிற்கிறார். மத்தியானம், பசி. வானத்திலிருந்து நாலு முனையும் கட்டிய பெரிய துப்பட்டி இறங்குகிறது, உள்ளே எல்லா ஜீவராசியும். அடித்துச் சாப்பிடு என்கிறது குரல். மாட்டேன், அப்படிப்பட்டதைத் தொட்டதே இல்லை என்கிறார். மூன்று முறை இது நடக்கிறது. அது யாருடைய வீட்டு மாடி? சீமோன் என்கிற தோல் பதனிடுகிறவனுடைய வீடு, கடலோரத்தில். செத்த மாட்டுத் தோலை ஊறவைத்துச் சுரண்டிப் பிழைக்கிறவன். தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவனுக்கு அந்த முகவரியைப் படித்தவுடன் உடம்பு சிலிர்க்க வேண்டாமா? பேதுரு அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று நினைக்கக்கூடாது என்று எடுத்துக்கொண்டார். ரோமப் படைத்தலைவன் வீட்டுக்குள் போனார்.

அப்புறமும் வழுக்கினார் பாவம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஊரிலிருந்து பெரிய மனுஷர்கள் வந்ததும் மெல்ல எழுந்து தனிப்பந்திக்குப் போய்விட்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியரில் இருக்கிறது. கிறிஸ்தவத்தின் முதல் பெரிய சண்டைகளில் ஒன்று சமபந்திச் சண்டை. இதை நாடார் உறவின்முறைக்காரரிடமோ வைக்கத்தில் நின்றவரிடமோ சொன்னால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள்.

அப்படி ஒரு முன்கதை கையில் இருக்கும்போது, அக்காவைத் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கிறவர் எதைத்தான் பிரசங்கிக்கிறார்?

இதைச் சொல்லும்போது மற்ற கிறிஸ்தவ உறவுக்காரர்கள் முதுகைத் தட்டிக்கொள்ள வேண்டாம். எருசலேம் சங்கத்தில் புறஜாதியாருக்கு என்று கடைசியில் மிச்சம் வைத்த நாலு விலக்குகளில் விக்கிரகத்துக்குப் படைத்தது ஒன்று, ரத்தம் ஒன்று. ஆயுதபூஜை அன்றைக்கு ஆபீஸில் கொடுக்கிற பொரியை டேபிள் மேலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆட்டு ரத்தப் பொரியலுக்கு க்யூவில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் க்யூவில்தான் நின்றேன், எனக்கு விலக்கு எதுவும் இல்லை.

மேரி டக்ளஸ் 1966ல் எழுதிய புத்தகத்தில் இந்த அதிகாரத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தண்ணீரில் இருப்பது நீந்த வேண்டும், நிலத்தில் இருப்பது நடக்க வேண்டும், எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதது அசுத்தம் என்று வைத்தார்கள் என்றார். பிற்காலத்தில் அவரே அதைப் பெரிதும் மாற்றிக்கொண்டார். ஆனால் எனக்கு அந்த முதல் விளக்கம் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் பழவேற்காடே அப்படித்தான். கடலும் இல்லை ஆறும் இல்லை. உப்பும் இல்லை நல்ல தண்ணியும் இல்லை. பெரும்பகுதி ஆந்திரா, மீதி தமிழ்நாடு. முகத்துவாரம் ஒரு வருஷம் திறந்திருக்கும், ஒரு வருஷம் மண் மூடிக் கிடக்கும். அங்கே போய் எது எந்தப் பெட்டி என்று கேட்டால் ஒரு ஜீவனும் மிஞ்சாது.

தங்கச்சிக்குப் புட்டு என் அம்மா செய்தாள். நான் வாங்கிய அதே சுறா. ஐஸில் வைத்து எடுத்துப் போய் எங்கள் வீட்டில் ஆக்கி, மறுநாள் தூக்குவாளியில் கொண்டுபோனோம். பெரிம்மா வாளியை வாசலில் நின்று வாங்கி, முந்தானையால் பிடித்து உள்ளே கொண்டுபோய் மகள் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை. ஆனால் மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொன்னாள்.

தின்பதைத்தான் விட்டாள், விற்பதை விடவில்லை. விட்டால் வீட்டு வாடகையும் குழுக் கடன் தவணையும் யார் கட்டுவது? உபாகமத்தில்கூட, தானாகச் செத்த மிருகத்தை நீ தின்னாதே, அந்நியனுக்கு விற்கலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். பழவேற்காட்டு இறாலும் முக்கால்வாசி அந்நியனுக்குத்தான் போகிறது. நான் இதைச் சொன்னபோது பெரிம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

கிளம்பும்போது ஒரு கேரி பேக்கை என் கையில் திணித்தாள். ஈரமாக, கனமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் வெள்ளை இறால், உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"முப்பது கவுண்ட். ஏஜென்ட்டு கண்ணுல காட்டல. நீ துன்னு," என்றாள். "எங்கிட்ட மட்டும் எப்படி இருந்துச்சுன்னு சொல்லாத."